பழைய எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) காரை டியூன் செய்ய எந்த எக்ஸாஸ்ட் கேஸ் அனலைசர் (புகையிலுள்ள வாயுக்களை அளக்கும் கருவி) வாங்கலாம்?

கேள்வியைப் படித்ததுமே எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. வண்டி பெட்ரோலாகக் குடிக்கிறது, மெக்கானிக் ஏற்கெனவே ஒரு சென்சாரை மாற்றிப் பார்த்துவிட்டார், இனி நாமே அளந்து பார்ப்போம் என்று கிளம்பியிருக்கிறீர்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். என் கதை அப்படித்தான் தொடங்கியது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டைஆக்சைடு, ஆக்சிஜன் ஆகிய நான்கையும் காட்டுகிற கருவியை வாங்குங்கள். முதல் இரண்டை மட்டும் காட்டும் பழைய கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஐந்தாவதாக நைட்ரஜன் ஆக்சைடும் காட்டினால் கெடுதல் இல்லை; ஆனால் நின்ற இடத்தில் சும்மா ஓடும் என்ஜினில் அந்த எண்ணால் பெரிய பயன் கிடையாது.

அப்பா 2002-இல் வாங்கிய மாருதி எஸ்டீம் என்னிடம் இருக்கிறது. விற்கச் சொல்லி வீட்டில் நடக்கும் பட்டிமன்றத்தை இங்கே எழுதவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு அது திடீரென்று லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுக்கத் தொடங்கியது. பின்னால் நின்றால் கண் எரியும். மூடப்போகிற ஒரு புகைப் பரிசோதனை நிலையத்திலிருந்து இரண்டு வாயு அனலைசர் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்தேன். கார்பன் மோனாக்சைடு 3.2 சதவீதம், ஹைட்ரோகார்பன் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று காட்டியது. அந்தக் காலத்து பாரத் ஸ்டேஜ் 2 (புகை விதி) பெட்ரோல் காருக்கு மோனாக்சைடு அனுமதி 0.5 சதவீதம்தான். இத்தனைக்கும் டேஷ்போர்டு பெட்டியில் செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. குழாயைச் சைலன்சருக்குள் விடுவதற்கு முன்பே அச்சாகி வந்த சான்றிதழ் அது.

பெட்ரோல் அதிகம் போகிறது என்று முடிவு கட்டினேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அலைந்து ஆக்சிஜன் சென்சார் வாங்கி மாட்டினேன். மாற்றம் இல்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இல்லை. சென்சார்தான் போலியோ என்று இன்னொன்று வாங்கினேன். அதற்கும் அசையவில்லை. செலவழித்த பணத்தில் நல்ல அனலைசரே வந்திருக்கும் என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவரிடம் நான்கு வாயுக் கருவி இருந்தது. கார்பன் மோனாக்சைடு அதே 3.2. கார்பன் டைஆக்சைடு 10.5. ஆக்சிஜன் 3.6. காற்றும் பெட்ரோலும் கலந்த அளவைச் சொல்லும் லாம்டா (1 என்றால் சரி, கூடினால் பெட்ரோல் குறைவு) 1.06. அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, லாம்டா பெட்ரோல் போதவில்லை என்கிறது, மோனாக்சைடு பெட்ரோல் அதிகம் என்கிறது. இரண்டும் ஒன்றாக வந்தால் நடுவில் எங்கேயோ காற்று நுழைகிறது" என்றார். ஆக்சிலரேட்டரைப் பிடித்து என்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிறுத்தினார். ஆக்சிஜன் ஒன்றுக்கு இறங்கியது. ஈரச் சாக்கு ஒன்றைச் சைலன்சர் வாயில் அமுக்கிக்கொண்டு, "முன்னால் போய்க் காது கொடுங்கள்" என்றார். என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இணைப்பில் 'உஸ்' என்ற சத்தம். டார்ச் அடித்தேன். இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் விரல் நகம் அளவுக்குக் கரி படிந்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடானதும் மறைந்துவிடும் ஒலியை இரண்டு வருடங்களாக டேப்பட் (வால்வு இடைவெளி) சத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்!

நடந்தது இதுதான். கேஸ்கெட்டில் இருந்த அந்த விரிசல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தது. ஐடிலில், அதாவது என்ஜின் சும்மா ஓடும்போது, அது வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. சென்சார் ஆக்சிஜனைப் பார்த்து 'கலவை மெலிந்துவிட்டது' என்று சொல்ல, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றியது. அந்தப் பெட்ரோலில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் செத்திருந்தது. கேஸ்கெட்டின் விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கலவையின் அளவை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்று போதுமே என்று கருத்து எழுதப்போகிறவர்களுக்கு: என்னிடம் அதுவும் இருக்கிறது. சாலையில் ஓட்டிக்கொண்டே, முழு ஆக்சிலரேட்டரில் கலவையைப் பார்க்க அதுதான் சரி. அனலைசர் தாமதமாகத்தான் காட்டும். ஆனால் விரிசலுக்குப் பின்னால் பொருத்திய வைட்பேண்டும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதுகிறவன். என்னைவிடத் தெரிந்தவர்கள் திருத்தலாம்.

லாம்டாவிலேயே படியுங்கள், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற பழைய எண்ணை மறந்துவிடுங்கள். இப்போது பங்கில் போடுவது இருபது சதவீத எத்தனால் கலந்த இ20. அதற்குச் சரியான காற்று விகிதம் சுமார் 13.5. எரிபொருள் எதுவானாலும் லாம்டா 1 என்பது 1தான். கன்வெர்ட்டர் உயிரோடு இருந்தால் டியூனிங்குக்கு அதற்கு முன்னாலிருந்து மாதிரி எடுங்கள். பின்னால் எடுத்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும், ஒன்றும் புரியாது.

வீட்டில் சோதிப்பதாக இருந்தால் இன்னொரு தொல்லைக்கும் தயாராக இருங்கள். வில்லிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில், நான் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டதற்குச் சங்கச் செயலாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். அதே வாசலில் தினமும் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்காக என்ஜினை அணைக்காமல் முக்கால் மணி நேரம் கரும்புகை கக்குகிறது. இரண்டாம் மாடியில் காயப்போட்ட வேட்டி சாம்பல் நிறமாகிறது. லாரிக்கு யார் கடிதம் கொடுப்பது? செயலாளரைக் கேட்டால் "தண்ணீர் வேண்டுமே சார்" என்கிறார். எனக்கும்தான் வேண்டும். அதற்காக என் எஸ்டீம்தான் வில்லிவாக்கத்தின் காற்றைக் கெடுக்கிறது என்று பேசுவது என்ன நியாயம்?

சரி, கருவிக்கு வருகிறேன். பழையது வாங்கினால் திறந்த வெளியில் வைத்துப் போடச் சொல்லுங்கள். கீழ்த்தளப் பார்க்கிங்கில் வேண்டாம். சூடேறியதும் ஆக்சிஜன் 20.9 காட்ட வேண்டும், மற்றவை பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் வாயால் ஊதி, குழாயை அதற்குள் விடுங்கள். நம் மூச்சில் கார்பன் டைஆக்சைடு நான்கு சதவீதம், ஆக்சிஜன் பதினாறு என்ற அளவில் இருக்கும்; கருவியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்ல வேண்டும். நான் இப்படி ஊதியபோது விற்பவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். கருவிக்குள் ஆக்சிஜனை அளக்கும் செல் ஓரிரு வருடங்களில் தீர்ந்துபோகும் பொருள், அதனால் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்துதர சென்னையிலேயே ஆள் இருக்கிறாரா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். சோதனை முடிந்தவுடன் அணைத்துவிடாமல் பத்து நிமிடம் வெளிக்காற்றை இழுக்க விடுங்கள். புகையோடு வரும் நீரைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறி எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்பதை முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள்.