லைஃப்டைம் வாரண்டியில் வரும் ஆயுள் யாருடையது?

கேள்வி: பழைய கிராபிக்ஸ் கார்டு பெட்டிகளில் 'லைஃப்டைம் வாரண்டி' என்று போட்டிருப்பார்களே, உண்மையில் அது எதற்கெல்லாம் செல்லும்? எத்தனை வருடம்?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் திரைக்குப் படம் காட்டும் அந்தக் கார்டைச் செய்த விதத்திலோ அதில் போட்ட பொருளிலோ இருந்த குறையால் கார்டு கெட்டுப்போனால்தான் இந்த வாரண்டி செல்லும். அதுவும் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு, அவர் 30 நாளுக்குள் கம்பெனியின் தளத்தில் பதிவு செய்திருந்தால், வாங்கிய நாட்டுக்குள் இருந்தால். எல்லாம் சரியாக இருந்தாலும், அந்தக் கம்பெனி கடையைத் திறந்து வைத்திருக்கும் வரைதான். இந்தக் கடைசி நிபந்தனையைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை. ஆனால் பலருக்கு வினையாக வந்தது அதுதான்.

இந்த வாரண்டி முக்கியமாக அமெரிக்கா, கனடா சந்தைக்கானது. 2000-களின் நடுவிலிருந்து 2011 வரை பிஎஃப்ஜி, ஈவிஜிஏ, எக்ஸ்எஃப்எக்ஸ் போன்ற கம்பெனிகள் இதை வைத்துத்தான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காரணம் எளிது. என்விடியா சிப்பை மட்டும் செய்து கொடுக்கும். கார்டாகக் கட்டி, பெட்டியில் போட்டு விற்பது இந்தக் கம்பெனிகள். எல்லோரிடமும் அதே சிப், அநேகமாக அதே போர்டு, விலையிலும் பத்து இருபது டாலர்தான் வித்தியாசம். வாங்க வருகிறவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்? ஃபேன் மேல் ஒட்டிய படத்தையும் வாரண்டியையும்தான். அந்த வாரண்டியைக் கொடுப்பதும் பெட்டியில் பெயர் போட்டிருக்கும் கம்பெனிதான், என்விடியா அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2008-ல் நான் டெக்சஸில் ஆர்லிங்டனில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். நானும் என் அறைத்தோழனும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனியின் 8800 ஜிடி என்ற மாடல் கார்டு ஆளுக்கொன்று வாங்கினோம். பெட்டியில் பெரிதாக லைஃப்டைம் வாரண்டி என்று போட்டிருந்தது. மாணவர்களுக்கு அது பெரிய செலவு. இனி கார்டு பற்றிய கவலை இல்லை என்று இரண்டு பேருமே நம்பினோம். அன்று இரவே நான் தளத்துக்குப் போய் சீரியல் நம்பரைப் போட்டுப் பதிவு செய்தேன், பில்லையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். அவன் திருநெல்வேலிக்காரன். "ஏலே, கார்டு நல்லாத்தான ஓடுது, இதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" என்றான். பரீட்சை நேரம் வேறு. அப்படியே விட்டுவிட்டான்.

அதோடு அப்போது மெயில்-இன் ரிபேட் என்று ஒன்று உண்டு. பெட்டியிலுள்ள பார்கோடை வெட்டி, விண்ணப்பத்தோடு தபாலில் அனுப்பினால் சில வாரம் கழித்து இருபது முப்பது டாலருக்குக் காசோலை வரும். இரண்டு பேரும் வெட்டி அனுப்பினோம். வெட்டிய அட்டையோடு, பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரும் போய்விட்டது. கார்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர்தான் அதற்குப் பிறகு ஒரே சான்று. அந்த ஸ்டிக்கர் உரிந்தால் வாரண்டி போச்சு. கார்டைத் துடைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொள்வேன்.

2010 கடைசியில் என் கார்டு போனது. பவர் பட்டனை அழுத்தியதும் வரும் முதல் கறுப்புத் திரையிலேயே எழுத்துகளுக்கு நடுவே பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள், விண்டோஸ் வந்ததும் திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்றினால் கம்ப்யூட்டர் தானே அணைந்து மறுபடி தொடங்கும். டிரைவரே ஏறாத நேரத்தில், முதல் திரையிலேயே புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் கார்டின் கோளாறுதான், மென்பொருள் அல்ல. கம்பெனிக்கு எழுதினேன். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா, வேறு பவர் சப்ளை வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இரண்டையும் செய்து புகைப்படம் அனுப்பிய பிறகு கார்டைத் திருப்பி அனுப்ப அனுமதிக்கும் ஆர்.எம்.ஏ. நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பரை வெளிப்பெட்டியில் எழுத வேண்டும். அனுப்பும் செலவு நம்முடையது, திருப்பி அனுப்பும் செலவு அவர்களுடையது. லைஃப்டைம் என்றாலும் கைக்காசு கொஞ்சம் போகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வாரத்தில் ஒரு பழுப்பு அட்டைப் பெட்டி வந்தது. கேபிள் இல்லை, சிடி இல்லை. உள்ளே இருந்தது 9800 ஜிடி, அதுவும் சரிபார்த்து மறுபடி அனுப்பிய பழைய கார்டு. நம்பர் பெரிதாக இருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். உண்மையில் 9800 ஜிடி என்பது 8800 ஜிடியேதான், அதே ஜி92 சிப்புக்கு 2008-ல் வைத்த புதுப் பெயர். வாரண்டியில் 'அதே கார்டு அல்லது அதற்குச் சமமான திறன் உள்ளது' என்று எழுதியிருப்பதன் அர்த்தம் இதுதான். புதியது தருவதாக எங்கேயும் சொல்வதில்லை, இன்றைய விலையுள்ளது தருவதாகவும் சொல்வதில்லை. நமக்கு உரியது நாம் வாங்கிய நாளில் கையில் இருந்த அந்த வேகம் மட்டும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை; சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள், அந்தக் கார்டு இன்னும் மூன்று வருடம் உழைத்தது.

மூன்று மாதம் கழித்து அறைத்தோழனின் கார்டும் அதே மாதிரி புள்ளி காட்டியது. பில்லைத் தேடினோம். மேசை இழுப்பறையில் கிடைத்தது, ஆனால் தெர்மல் பேப்பர் வெளுத்துப்போய் கடையின் பெயர் மட்டும் நிழல் மாதிரி தெரிந்தது. தேதி இல்லை, விலை இல்லை. பில் தெளிவாக இருந்திருந்தாலும் பயனில்லை. 30 நாளுக்குள் பதிவு செய்யாத கார்டுக்கு குறைந்த கால வாரண்டி மட்டுமே, அதுவும் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே குறை. ஒருவனுக்கு வேறு கார்டு, இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை. அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தப் பதிலை நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவன்தான் காரணம்.

அவன் அந்தக் கார்டை ஓவனில் வைத்துச் சுட்டான். அந்தக் காலத்தில் பலரும் செய்த வைத்தியம் அது: சூட்டை இறக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றிவிட்டு வெறும் போர்டை 385 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது கிட்டத்தட்ட 196 டிகிரி செல்சியஸில், எட்டுப் பத்து நிமிடம் வைப்பது. கார்டு பிழைத்தது, ஆறே வாரத்துக்கு. பாகங்களைப் போர்டில் ஒட்டும், ஈயம் இல்லாத சால்டர் என்ற உலோகக் கலவை உருக 217 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஆகவே அந்தச் சூட்டில் சால்டர் புதிதாக ஒட்டுவதில்லை. விரிசல் விட்ட இணைப்புகள் கொஞ்ச காலம் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். சமைக்கிற ஓவனில் தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.

இந்த மாதிரிச் சாவு அந்தத் தலைமுறைக் கார்டுகளில் ஏன் அடிக்கடி பேசப்பட்டது? சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைப்பவை நுண்ணிய சால்டர் முடிச்சுகள். விளையாடும்போது சூடு ஏறும், அணைத்ததும் இறங்கும். இப்படி ஏறி இறங்கியே முடிச்சுகள் களைத்து விரிசல் விடும். 2008 ஜூலையில் என்விடியாவே, லேப்டாப்பில் போன தன் சில சிப்களில் இந்தப் பொருட்குறை இருப்பதாக ஒப்புக்கொண்டு, வாரண்டி செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. மேசைக் கணினி கார்டுகளைப் பற்றி அந்த அறிவிப்பு பேசவில்லை. ஆனால் சிப் செய்த கம்பெனிக்கே இவ்வளவு செலவு என்றால், ஆயுள் முழுக்க மாற்றித் தருவதாக எழுதிக்கொடுத்த சின்னக் கம்பெனிகள் எவ்வளவு பெரிய பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டன என்று யோசித்துப் பாருங்கள்.

பிஎஃப்ஜியின் கதை அதைத்தான் காட்டுகிறது. 2010 மே மாதத்தில் அது கிராபிக்ஸ் கார்டு தொழிலிலிருந்து விலகியது, வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. ஆகஸ்டில் கம்பெனியையே கலைக்கத் தொடங்கிவிட்டார்கள். கெட்டுப்போன கார்டை அனுப்பி வைத்தவர்களுக்கு, 'உங்கள் கார்டில் குறை இருப்பது உறுதி, ஆனால் எங்களால் மாற்றித் தர முடியாது' என்ற பொருளில் ஒரு கடிதமும், கூடவே அதே கெட்ட கார்டும் திரும்பி வந்தன. பதிவு செய்தவர், பில்லைப் பத்திரமாக வைத்தவர், ஸ்டிக்கரைக் காப்பாற்றியவர் எல்லோருக்கும் ஒரே முடிவு. சிப் என்விடியாவுடையது என்றாலும் அந்த வாக்கு என்விடியாவுடையது அல்லவே.

அமெரிக்காவில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, நிபந்தனைகளை வாங்குமுன்பே பார்க்கக் கிடைக்கும்படி வைக்க வேண்டும். எஃப்.டி.சி. எனப்படும் வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல், விளம்பரத்தில் 'லைஃப்டைம்' என்று போட்டால் அது யாருடைய, எதனுடைய ஆயுள் என்று தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. அதில் காட்டும் உதாரணம் கார் சைலன்சர்: அந்தக் கார் உங்களிடம் இருக்கும் வரைதானா, அல்லது கார் ஓடும் வரையா? கிராபிக்ஸ் கார்டில் பெரும்பாலும் அந்த ஆயுள், முதலில் வாங்கியவர் அதை வைத்திருக்கும் காலம். எக்ஸ்எஃப்எக்ஸ் மட்டும் 'டபுள் லைஃப்டைம்' என்று கொடுத்தது. முதலில் வாங்கியவர் முறையாகப் பதிவு செய்திருந்தால் அவரிடம் வாங்கிய இரண்டாமவருக்கும் செல்லும், மூன்றாமவருக்குச் செல்லாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஈவிஜிஏ, எக்ஸ்எஃப்எக்ஸ் இரண்டும் அமெரிக்காவில் ஓவர்கிளாக் செய்தாலும் (சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டினாலும்), கூலரைக் கழற்றி வேறு போட்டாலும் வாரண்டியை ரத்து செய்யவில்லை. போர்டில் காயம் இல்லாமல், பழைய கூலரைத் திரும்ப மாட்டி அனுப்பினால் போதும். எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை. திருகின் மேல் 'பிரித்தால் வாரண்டி இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது இன்றும் உண்டு. 2024 ஜூலையில் எஃப்.டி.சி. இந்த ஸ்டிக்கர் விஷயமாக ஏஎஸ்ராக், ஜோட்டாக், கிகாபைட் ஆகிய கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. எந்த வாரண்டியிலும் செல்லாதவை என்றால் மின்னழுத்த ஏற்றத்தில் கருகியது, கீழே போட்டு உடைந்தது, தண்ணீர் பட்டது, சீரியல் நம்பர் இல்லாதது.

2011 ஜூலையில் ஈவிஜிஏ புதுக் கார்டுகளுக்கு லைஃப்டைமை நிறுத்தி மூன்று வருடத்துக்கு மாறியது. 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டது. இன்று கார்டுகளுக்கு மூன்று வருடம்தான் பொதுவான கணக்கு. ரேமுக்கு மட்டும் லைஃப்டைம் இன்னும் இருக்கிறது. அதில் ஃபேன் இல்லை, பெரிய சூடு இல்லை, கெடுவது அபூர்வம், மாற்றித் தந்தாலும் செலவு குறைவு. அதனால் அந்த வாக்கைக் கொடுக்கிறவர்களால் அதைத் தாங்கவும் முடிகிறது.

என் 9800 ஜிடியை 2013-ல் சென்னைக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வருடம் வெயில் காலத்தில் போய்விட்டது. பதிவு அப்படியே இருந்தது, ஆனால் வாரண்டி வட அமெரிக்காவுக்கு மட்டும். அங்கே தெரிந்தவர் வழியாக அனுப்பலாம் என்றாலும் கூரியர் செலவு, சந்தையில் அந்தக் கார்டின் விலையைத் தாண்டியது. அதே சமயத்தில் என்விடியாவும் அந்தத் தலைமுறைக் கார்டுகளைப் பழைய பட்டியலுக்கு மாற்றியது. 340 வரிசையோடு டிரைவர் நின்றது. மாற்றிக் கிடைத்திருந்தாலும் பெரிய புது விளையாட்டுகள் பெரும்பாலும் அதில் ஓடியிருக்காது.

உங்கள் கையில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் முதலில் அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும் சீரியல் நம்பரையும் எழுதி அனுப்பி, யார் பெயரில் பதிவு இருக்கிறது என்று கேளுங்கள். பதிவே இல்லை என்று வந்தால் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் 'லைஃப்டைம்' என்ற வார்த்தைக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். புதுக் கார்டு வாங்கினால், பில்லைக் கடை வாசலிலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு முன்னால், பின்பக்க ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுத்துவிட்டு அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.