பழைய எம்ஜிபியில் மலையேற டிக்கியில் என்ன வைக்கலாம்?

கேள்வி: குமுளியில் கடை வைத்திருக்கிறேன். 1966 மாடல் எம்ஜிபி, அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்தது. ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கம்பம் இறங்கி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போய்வர ஆசை. வழியில் நின்றால் நானே சரிசெய்துகொள்ள என்னென்ன ஸ்பேர் எடுத்துப்போகலாம்? நண்பர் கொடுத்த பட்டியலை ஏற்ற லாரிதான் வேண்டும்.

பதில்: அந்தப் பட்டியலில் கிளட்ச் பிளேட் இருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். போடிமெட்டு வளைவில் நடக்கிற வேலையா அது? சின்னப் பொருளாக இருக்க வேண்டும், கையிலிருக்கும் ஸ்பேனரால் மாற்ற முடிய வேண்டும், அது போனால் வண்டி நகராது என்றிருக்க வேண்டும். அப்படிப்பட்டதை மட்டும் எடுத்து வையுங்கள்.

இந்தக் கணக்கில் முதலில் வருவது இக்னிஷன்தான், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் சாமான்கள். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இரண்டு பிளக், ஒரு காயில். எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் பெட்டி அளவுதான் வரும். ஆனால் கடையில் வாங்கிய புதுசை அப்படியே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். இப்போது வரும் கண்டன்சர்களிலும் ரிவெட் அடித்த ரோட்டர்களிலும் மட்டமானவை நிறைய. குளிரில் ஒழுங்காக ஓடும். ஏற்றத்தில் எஞ்சின் சூடானதும் கரண்டை எர்த்துக்கு விட்டுவிடும். அதனால் புதுசை வண்டியில் மாட்டி, சில வாரம் உள்ளூரில் ஓட்டுங்கள். அது தாங்கினால், நன்றாக இருக்கும்போதே கழற்றிய பழசு ஸ்பேராகப் பெட்டிக்குப் போகட்டும். மாட்டிப் பார்க்காத ஸ்பேரை நான் ஸ்பேராகவே எண்ணுவதில்லை.

இந்தச் சாமான்களுக்கு லண்டனுக்கு எழுத வேண்டியதில்லை. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் உங்கள் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் ஒரே ‘பி’ சீரிஸ் வம்சம். டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி4 என்றால், பழைய அம்பாசிடர் சாமான் விற்கும் கடைகளில் பாயிண்டும் ரோட்டரும் தேடிப் பார்க்கலாம். உங்கள் பழசைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஹெட் கேஸ்கட்டுக்கு இந்த உறவு செல்லாது. சிலிண்டர் விட்டம் வேறு.

பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் கொண்டுபோக மறந்தால், தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து ஒப்பேற்றி ஊர் வந்து சேரலாம்.

அடுத்தது பெட்ரோல் பம்ப். பின்பக்கம் அடியில் இருக்கும் எஸ்யூ மின்பம்ப் அது. சாவி போட்டதும் டிக் டிக் என்று கேட்டு, கார்ப்பரேட்டர் நிரம்பியதும் அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப் உடம்பில் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். பம்புக்குள்ளேயே இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் விடுபட்டுப் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும். அப்படி ஒருமுறை தட்டி ஓட்டிய பம்பை நம்பி அடுத்த பயணம் வேண்டாம்.

ஃபேன் பெல்ட் கட்டாயம் வேண்டும். டைனமோ மட்டுமல்ல, வாட்டர் பம்பும் அதில்தான் சுற்றுகிறது. ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், தண்ணீர், பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப். இவை எந்தப் பழைய வண்டிக்கும் உள்ளவைதான். ஃபியூஸில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய சாதாரண 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், ஒயர் எரியும்.

ஸ்பேனரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். இந்த வண்டியில் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; வழியில் உதவிக்கு வருபவர் 13-ஆம் நம்பரைப் போட்டு இழுத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். ஸ்போக் வீலாக இருந்தால் நடு நட்டைத் தட்டிக் கழற்றச் செம்புச் சுத்தியலும் வேண்டும். எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று நட்டிலேயே பொறித்திருக்கும்.

கடைசியாக, டிக்கியில் வைக்க முடியாத ஒன்று. 1966 மாடலுக்கு பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் பாடியோடு இணைந்திருக்கும். யாராவது இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று கிளம்புமுன் பாருங்கள். மாற்றவில்லை என்றால், போன் சார்ஜரையும் எலக்ட்ரானிக் பம்பையும் நினைத்தபடி இணைக்கக் கூடாது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் எடுக்கும்போது இரண்டு வண்டியின் பாடியும் உரசக் கூடாது. கேபிள் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ்தான், வழக்கம்போல் ஒரு முனையைப் பாடியில் கவ்வவிட வேண்டாம். பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட்டாக இருக்கும் என்பதால் புது மெக்கானிக் குழம்புவார். ‘பாசிட்டிவ் எர்த்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி பானட்டுக்குள் ஒட்டிவிடுங்கள்.