கயிற்றில் இருக்கிறது பதில்

கேள்வி: ஐயா, டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது ஒரு புது இழை ஒரே ஓட்டமாக வளர்கிறது, மற்றது துண்டு துண்டாக வளர்கிறது என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஏன் என்றுதான் புரியவில்லை.
- பிளஸ் டூ மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: முதுநகரா? சரி, துறைமுகப் பக்கம் கயிறு விற்கும் கடையில் இரண்டு புரிக் கயிறு இரண்டு முழம் வாங்கு. நான் விலங்கியல் எடுத்த காலத்தில் வருடா வருடம் வகுப்புக்குக் கொண்டுபோனது அதைத்தான்.

ஒரு நுனியிலிருந்து புரிகளைப் பிரித்துக்கொண்டே போ. இந்தக் கயிறுதான் டி.என்.ஏ.; பிரிப்பது ஹெலிகேஸ் நொதியின் வேலை. பிரிக்கப் பிரிக்க முன்னால் இருக்கும் கயிறு முறுக்கேறிச் சுருட்டிக்கொள்ளும். அதைத் தளர்த்த டோபோஐசோமரேஸ் என்று தனி நொதி உண்டு.

டி.என்.ஏ.வின் இரண்டு புரிகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. புது இழையைக் கட்டும் பாலிமரேஸ் நொதிக்கோ ஒரு பிடிவாதம்: வளரும் இழையின் 3' முனையில் மட்டுமே புது நியூக்ளியோடைடை, அதாவது இழையின் அடுத்த கண்ணியை, ஒட்டும். (3 என்பது நியூக்ளியோடைடின் சர்க்கரையில் உள்ள கார்பனின் வரிசை எண்தான், மிரளாதே.)

வகுப்பில் இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு புரியில் விரல் வைக்கச் சொல்வேன்; விரல்தான் பாலிமரேஸ். ஒருத்தியின் விரல் நான் பிரிக்கும் கவட்டையை நோக்கி மட்டும் நகரலாம். மற்றவளின் விரல் அங்கிருந்து விலகி மட்டும். முதலாமவள் என் கைக்குப் பின்னாலேயே நிம்மதியாக வருவாள். இரண்டாமவள் ஒரு சாண் தடவி முடிப்பதற்குள் நான் இன்னொரு சாண் பிரித்திருப்பேன். அவள் விரலை எடுத்துக் கவட்டைக்கு வந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். "சார், நான் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வரணும்?" என்று ஒரு வருடம் ஒருத்தி சிணுங்கினாள். உன் கேள்வியும் அதுதானே? அவள் தடவிய ஒவ்வொரு சாணும் ஒரு ஒகசாகி துண்டு. பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 நியூக்ளியோடைடு வரும். நம் செல்களில் 100 முதல் 200 தான்.

அப்புறம், பாலிமரேஸ் தானாகத் தொடங்காது; ஆர்.என்.ஏ. பிரைமர் என்ற சின்னத் தொடக்கத் துண்டு ஒன்று முன்னால் இருக்க வேண்டும். தொடர் இழைக்கு ஒன்று போதும், மற்றதில் துண்டுக்கு ஒன்று. பிற்பாடு பிரைமரை நீக்கி, அந்த இடத்தை டி.என்.ஏ.வால் நிரப்பிய பிறகு லிகேஸ் நொதி வந்து துண்டுகளை இணைக்கும். விடைத்தாளில் பலர் கோட்டை விடுவது இந்த லிகேஸைத்தான்.

ஒகசாகி என்பது ஒருவர் இல்லை, ஜப்பானின் நகோயாவில் வேலை பார்த்த தம்பதி: ரெய்ஜி, ட்சுனேகோ. 1968இல் இந்தத் துண்டுகளைப் பற்றி வெளியிட்டார்கள். ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர், 1975இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 44. ட்சுனேகோ ஆய்வை விடவில்லை.

கடையில் மூன்று புரிக் கயிற்றைக் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்கு.