ஆதரவாளர் அனுப்பிய சோடா

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜயனிசத்துக்காகக் குரல் கொடுக்கும் மாணவர்களுக்கு வெளியிலிருந்து பணமும் ஆளும் தந்து ஆதரிக்கிறார்களே, இந்த ஆதரவு நியாயம்தானா? நீங்கள் எந்தப் பக்கம்?
— வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: முதலில் எழுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்த் தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருவது சீயோன் மலையை. எருசலேமில் இருக்கும் அதே மலையின் பெயரில் பிறந்த கொள்கைக்கு மட்டும், ஆங்கிலேயர் வாய்க்குள் போய் வந்த 'ஜயனிசம்' எதற்கு? யூதர்களுக்குத் தங்கள் முன்னோர் மண்ணில் ஒரு நாடு வேண்டும் என்னும் அந்தக் கொள்கையைச் சியோனியம் என்று எழுதுங்கள். இதை நான் சொல்வது முதல் முறை அல்ல. நாளிதழ் நண்பர்கள் கேட்கப்போவதும் இல்லை.

அடுத்தது 'ஆதரவு'. இந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு மூக்கில் சோடா ஏறுகிறது. கல்லூரியில் எங்கள் தமிழ் மன்றத்துக்கு ஓர் ஆதரவாளர் இருந்தார். அரிசி ஆலை வைத்திருந்தவர், நல்ல மனிதர். முதல் ஆண்டு பட்டிமன்றத்துக்கு நான்கு பெட்டி கோலி சோடா அனுப்பினார், எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு சோடாவோடு ஒலிபெருக்கியும் வந்தது. அழைப்பிதழில் அவர் படமும் வந்தது, நடுவரின் படத்தைவிடச் சற்றே பெரியதாக. மூன்றாம் ஆண்டு சோடா, ஒலிபெருக்கி, ஐந்து பொன்னாடை, கூடவே அவருடைய கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளையின் சட்டைப்பையில் மேடையேறக் கூடாதவர்களின் பட்டியல். இரண்டே பெயர்கள்தான். ஒருவன் முந்தைய ஆண்டு ஆலைக் கூலியைப் பற்றி மேடையில் ஒரு வரி சொன்னவன். இன்னொருவன் அதற்குக் கைதட்டியவன். கைதட்டியவன் நான்.

அந்த ஆண்டுத் தலைப்பு, 'கொடையில் சிறந்தது பொருளா, மனமா?' பொருள் என்றவர்களும் அவரைப் புகழ்ந்தார்கள். மனம் என்றவர்களும் அவரையே புகழ்ந்தார்கள். நடுவர் இரண்டும் அவரிடம் இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். சோடா பாட்டிலில் கோலி உள்ளே இறங்கும்போது எழுந்த சத்தம்தான் அன்றைக்கு அரங்கில் கேட்ட ஒரே எதிர்க்குரல்.

இனி வியன்னாவுக்குப் போவோம். 1882-இல் அங்கே பல்கலைக்கழகத்தில் சில யூத மாணவர்கள் 'கதிமா' என்றொரு சங்கம் தொடங்கினார்கள். அந்த எபிரேயச் சொல்லுக்குக் கிழக்கே என்றும் பொருள், முன்னோக்கி என்றும் பொருள். (நம்முடைய கிழக்கு, 'கீழ்' என்பதிலிருந்து வந்தது. அவர்களுக்கு முன்னே இருப்பது நமக்குக் கீழே இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) தொடங்கியவர்களில் ஒருவர் நாதன் பிர்ன்பாம், அப்போது வயது பதினெட்டு. ஊரில் வசதியான யூதர்கள் பலரும் ஜெர்மானியப் பண்பாட்டில் கரைவதையே கௌரவமாக நினைத்த காலம். இந்தப் பையன்களை அவர்கள் தலைவலியாகத்தான் பார்த்தார்கள். ஆதரவாவது, சோடாவாவது!

1885-இல் பிர்ன்பாம் 'சுயவிடுதலை' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். நீங்கள் இன்று கேள்வியில் எழுதி அனுப்பியிருக்கும் அந்தக் கொள்கைப் பெயர், 1890-இல் அவர் அந்தப் பத்திரிகையில் ஆக்கிய சொல்தான். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது யாரை? 1897-இல் பாசெல் நகரில் முதல் சியோனிய மாநாட்டைக் கூட்டிய தியோடோர் ஹெர்சலை. அவர் யார்? வியன்னாவின் செல்வாக்கு மிகுந்த நாளிதழில் வேலை பார்த்தவர்! சொல்லைச் செதுக்குகிறவன் சிற்றிதழ்க்காரன், மாலை விழுவது நாளிதழ்க்காரர் கழுத்தில். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக இது மாறவில்லை. ஹெர்சலுக்கு ஒரு சலுகை தருகிறேன்: அவருடைய நாளிதழின் முதலாளிகள் இந்த இயக்கத்துக்கு இடம் தர மறுத்தார்கள். எனவே அவரும் 1897-இல் கைக்காசைப் போட்டு ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி எங்கள் பாவப்பட்ட கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

பிர்ன்பாம் அந்த மாநாட்டில் செயலாளரானார். சீக்கிரமே பிய்த்துக்கொண்டு போனார். 1908-இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிக்காகச் செர்னோவிட்சில் மாநாடு கூட்டினார். பிறகு பழுத்த வைதிகராகி, சியோனியத்தை எதிர்த்த அகுதாத் இஸ்ரேல் இயக்கத்தில் சேர்ந்தார். தான் பெயர் வைத்த கொள்கையோடு கடைசிவரை பேச்சுவார்த்தை இல்லை.

சங்கத்துக்குத் திரும்புகிறேன். அந்தக் காலத்து வியன்னா மாணவர் சங்கம் என்றால் வண்ணத் தொப்பி, மார்பின் குறுக்கே பட்டை, கையில் வாள். ஒருவன் அவமதித்தால் அவனை வாள் சண்டைக்கு அழைக்கலாம். அழைத்தால் அவன் வந்தாக வேண்டும். கதிமா மாணவர்களும் வாள் பழகினார்கள், அடிபட்டார்கள், தேறினார்கள். 1896-இல் ஜெர்மன் தேசிய மாணவர் சங்கங்கள் வைட்ஹோஃபன் தீர்மானம் என்று ஒன்றைப் போட்டன. யூதனுக்கு மானம் என்பதே கிடையாது. ஆகவே அவனை அவமதிக்க முடியாது. ஆகவே அவன் அழைத்தால் வாள் எடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு வசதி பாருங்கள்! தோற்றுவிடுவோம் என்ற பயத்துக்குத் தத்துவச் சட்டை மாட்டிவிட்டார்கள்.

'உன்னோடு மோதமாட்டேன், உனக்கு அந்தத் தகுதி இல்லை' என்ற இந்த வழக்கம் பிறகு எல்லா வீட்டிலும் குடியேறியது. 1975 நவம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை சியோனியத்தை இனவாதத்தின் ஒரு வடிவம் என்று அறிவித்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 1991-இல் அதை ரத்து செய்வதற்கும் ஆதரித்தே வாக்களித்தது. அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்டனில் சில மாணவர் ஒன்றியங்கள் யூத மாணவர் சங்கங்களையே முடக்கப் பார்த்தன. சண்டர்லேண்ட் பாலிடெக்னிக்கில் 1985-இல் தடையே போட்டார்கள். இனவாதத்தை எதிர்த்துத்தான்!

மறுபக்கம் வாருங்கள். ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பு 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. 2010-இல் அதன் தலைமை ஒரு விதி வகுத்தது: இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்பவர்களையும், யூத நாடாக இருக்கும் அதன் உரிமையை மறுப்பவர்களையும் மேடையேற்றக் கூடாது. அடையாளம் தெரிகிறதா? நம் கணக்குப்பிள்ளை! ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஹில்லெல் மாணவர்கள் 2013 டிசம்பரில் இந்த விதியை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். 2015-இல் ஹில்லெல் என்ற பெயரையே விட்டுக்கொடுத்துவிட்டு வேறு பெயரில் தொடர்ந்தார்கள். 2023 நவம்பரில் கொலம்பியா பல்கலைக்கழகம் பாலஸ்தீன ஆதரவுச் சங்கங்கள் இரண்டை இடைநிறுத்தியது. அவற்றில் ஒன்று யூதர்களின் சங்கம். யூத வெறுப்புக்கு இப்போது எங்கும் காட்டப்படும் வரையறையை எழுதியவர்களில் முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன். அதை வளாகப் பேச்சை அடக்கும் கோலாக்காதீர்கள் என்று அவரே 2019-இல் எழுதினார். கோலைச் செய்தவர் சொல் கோலைப் பிடித்தவர் காதில் ஏறவில்லை.

எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். பாலஸ்தீனர்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்று இதே பக்கத்தில் எழுதிவருகிறவன் நான். காசாவின் பிணங்களையும், 2023-இல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய அக்டோபர் 7-இன் பிணங்களையும் தராசில் வைத்துப் பேசுகிற எவரோடும் எனக்கு ஒட்டாது. ஆனாலும் அந்த சியோனிய மாணவன் வளாகத்தில் மேசை போட்டுத் துண்டறிக்கை கொடுப்பதற்கு நான் ஆதரவு. அவன் மேசையைக் கவிழ்க்கிறவனுக்கு எதிர்ப்பு. பணமா? சங்கம் நடத்தப் பணம் வேண்டாமா, தாராளமாகக் கொடுக்கட்டும். சோடா பெட்டி வரட்டும். பட்டியல் மட்டும் வரக் கூடாது.

எங்கள் கதை பாதியில் நிற்கிறது. பட்டியலில் இருந்த நாங்கள் இருவரும் அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல், ஆலைக் கூலியைப் பற்றி முக்கால் மணி நேரம் வாதாடினோம். பதினோரு பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் கணக்குப்பிள்ளை. கடைசிவரை நின்றார்.