முதல் வருஷம் ஆடு வேண்டாம், தம்பி

தம்பி, 4 ஏக்கர் வாங்கிவிட்டேன், பனி உருகியதும் 10 கோழி, 1 ஆடு, 1 பசு, காய்கறித் தோட்டம் என்று தொடங்கப் போகிறேன், எந்த இனம் நல்லது, எவ்வளவு செலவாகும், வேலைக்குப் போய்க்கொண்டே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இனத்துக்கு ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பக்கத்துப் பண்ணையில் எது கொழுகொழுவென்று திரிகிறதோ அதை வாங்குங்கள். செலவு, நீங்கள் போட்ட கணக்குக்கு இரண்டு மடங்கு. பசுவை மறந்துவிடுங்கள். வேலைக்குப் போகலாம், ஆனால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் எங்கேயும் போக முடியாது. அவ்வளவுதான். நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது: தண்ணீர்.

நிலத்தைக் கோடையில்தானே பார்த்தீர்கள்? நானும் அப்படித்தான். குழாய் வீட்டுச் சுவரில், தொழுவம் 200 அடி தள்ளி. ரப்பர் குழாயை இழுத்துவிட்டால் ஆயிற்று என்று இருந்தேன். முதல் உறைபனியிலேயே அது கம்பி மாதிரி விறைத்துவிட்டது. அப்புறம் குளிர் முடியும்வரை விடிவதற்கு முன்னால் ஒரு நடை, வேலை முடிந்து வந்து இருட்டில் ஒரு நடை, இரண்டு கையிலும் வாளி. கொண்டுபோய் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மேலே ஆடை கட்டத் தொடங்கியிருக்கும். கோழி பனியைக் கொத்திச் சமாளித்துக்கொள்ளும் என்று ஒரு புண்ணியவான் சொன்னார். தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தீனியையும் குறைத்துவிடும், முட்டையும் நின்றுபோகும். ஆட்டுக்கு இன்னும் மோசம். சில்லென்ற தண்ணீரை அது அளவாகத்தான் குடிக்கும். காயடித்த கிடாய் என்றால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துச் செத்தே போகலாம். எனக்கு ஒன்று அப்படிப் போனது.

அதனால் மண் இளக்கமாக இருக்கும்போதே பள்ளம் வெட்டுங்கள். உங்கள் பகுதியில் மண் எவ்வளவு ஆழம் உறையும் என்று கேட்டு, அதற்கும் கீழே குழாயைப் பதியுங்கள். மேலே சாதாரணத் திருகுகுழாய் வேண்டாம். அடைப்பான் அடியில் இருக்கும், மூடியதும் தண்டில் நிற்கும் தண்ணீர் கீழே வடிந்துவிடும், அந்த வகைதான் வேண்டும். வடிகிற இடத்தில் சரளைக்கல் கொட்டாவிட்டால் அதுவும் உறையும். இது முடிகிறவரை ஒரு குஞ்சுகூட வாங்காதீர்கள்.

அடுத்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் குளிருக்கு நான் வண்டி நிறைய வாங்கிவந்தது வைக்கோல். மாடும் ஆடும் வைக்கோல் தின்னும், அதுதானே நமக்குத் தெரிந்தது? எங்கேயும் அது கதிர் அடித்த தாள்தான். இங்கே அதைக் கீழே படுக்கையாகப் போடத்தான் விற்கிறார்கள். தின்னக் கொடுக்க வேண்டியது பச்சையில் அறுத்துக் காயவைத்த புல். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிக் கட்டு. விலா எலும்பு தெரியத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பச்சைநிறம் தங்கியிருக்கிறதா, இலை இருக்கிறதா, முகர்ந்தால் நல்ல வாசனை வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரம் போகாத கட்டை அடுக்கினால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கலாம். கொட்டகையே எரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நம் ஆட்களிடம் சொன்னால், எங்கள் தாத்தா சம்சாரி, எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்பார்கள். தாத்தா உழுத மண் வேறு, வெயில் வேறு. வசந்தத்தில் ஆட்டுக்குட்டியை நெஞ்சோடு அணைத்து நூறு படம் எடுப்பார்கள். அடுத்த தை மாதம் யாராவது கூட்டிக்கொண்டு போங்களேன் என்று ஊரெல்லாம் கேட்பார்கள். அப்படி வந்தவை 3 என்னிடம் நிற்கின்றன. 1 ஆடு என்று எழுதியிருக்கிறீர்களே, ஒற்றை ஆடு இரவெல்லாம் கத்தும், கூட்டத்தில் வாழ்கிற பிராணி அது. வாங்கினால் இரண்டு, இரண்டாம் வருஷம்.

கோழிக் கம்பிவலை கோழியை உள்ளே வைக்கும், நரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள கெட்டிவலை போடுங்கள், அடிப்பக்கத்தை வெளிப்புறமாக மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். ஒரே இரவில் 7 கோழியைப் பறிகொடுத்துப் படித்த பாடம், இலவசமாகத் தருகிறேன்.

குளிருக்குக் கூண்டை மூடாதீர்கள், இதை மட்டும் மறக்க வேண்டாம். நான் அந்த முதல் வருஷம் பாவம் குளிருமே என்று ஒரு பொத்தல் விடாமல் சாக்கு அடைத்தேன். சூட்டு விளக்குக்கூடத் தொங்கவிட்டேன், தூசியும் சருகும் பறக்கிற இடத்தில். எரியாமல் போனது என் அதிர்ஷ்டம். ஒரு வாரத்தில் சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக் கிழவர் வேலியைத் தாண்டி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூண்டுக் கதவைத் திறந்தார், மூக்கைப் பொத்தினார், கூரையை ஒட்டி நான் அடைத்திருந்த சாக்கையெல்லாம் பிடுங்கி வெளியே எறிந்தார். எனக்கு ஆத்திரம். மொழி வராத காலம், வாய் வரை வந்ததை முழுங்கிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது: குளிரைவிட ஈரம்தான் கொண்டையைத் தின்கிறது, மூச்சிலும் எச்சத்திலும் வருகிற ஈரம். காற்று அவை உட்காரும் கம்புக்கு மேலே போய்வர வேண்டும், உடம்பில் அடிக்கக் கூடாது. நன்றாக வளர்ந்த கோழிக்கு இறகே போர்வை.

அந்தச் சேவல் நுனி உதிர்ந்த கொண்டையோடு இன்னும் 6 வருஷம் இருந்தது. கிழவர் பண்ணையை விற்றுவிட்டுப் போகும்போது தொட்டியில் பனிக்கட்டி உடைக்கிற கோடாலியை என் வாசலில் சாத்திவைத்துவிட்டுப் போனார், அப்போதும் பேசவில்லை. குழாய் பதித்த பிறகு அதற்கு வேலையில்லை, கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நீங்கள் பள்ளம் வெட்டுகிற அன்று சொல்லுங்கள், கடப்பாரையோடு வருகிறேன்.