அந்தியூரில் வாங்கிய குதிரைக்குக் கொள்ளும் தவிடும் போதுமா?

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் 5 வயதுக் கத்தியவார் இனப் பெண் குதிரை வாங்கினேன். மாடு வளர்த்த அனுபவம்தான் உண்டு. இரண்டு வேளையும் கொள்ளும் தவிடும், நடுவில் கொஞ்சம் வைக்கோலும் வைக்கிறேன். பின்னங்காலைத் தொட்டால் உதைக்க வருகிறது. தினமும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– ஒரு விவசாயி, கோபி

பதில்: முதலில் தீவனத்தை மாற்றுங்கள் ஐயா. ஒரே நாளில் வேண்டாம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

மாடு வயிறு நிறையத் தின்றுவிட்டு, படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடத் தெரியாது, வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பையும் சிறியது. நாள் முழுக்கப் புல்லைக் கொறிக்கிற உடம்பு அது. இரண்டு வேளை அடர்தீவனத்தை மொத்தமாகக் கொட்டினால் வயிற்றுவலி வரும், உயிரே போகலாம். 300 கிலோ எடை இருந்தால் தினம் 5 முதல் 6 கிலோ காய்ந்த அருகம்புல்லோ பூஞ்சணம் இல்லாத கடலைக்கொடியோ பிரித்துப் பிரித்து வையுங்கள். ஊறிய கொள்ளு வேளைக்கு அரைக் கிலோ போதும். தவிட்டை நன்றாகக் குறையுங்கள். அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தொடர்ந்து போட்டால் எலும்பு பலமிழந்து முகம் வீங்கும். மாட்டுக் கலப்புத் தீவனமும் வேண்டாம். சிலவற்றில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தையே கெடுத்துவிடும். தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

அப்புறம் அந்தப் பின்னங்கால். நேர் பின்னால் நிற்பவர் குதிரைக்குத் தெரிய மாட்டார், பயந்துதான் உதைக்கிறது. அடிக்காதீர்கள். பேசிக்கொண்டே இடது தோளருகே போய், முதுகில் வைத்த கையை எடுக்காமல் இடுப்பு, தொடை, கணுக்கால் என்று வருடிக்கொண்டே இறக்குங்கள். உடம்பை ஒட்டி, வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். அது அமைதியாக நிற்கும்போது கையை எடுங்கள், உதறும்போது எடுத்தால் உதறுவதையே பழகிக்கொள்ளும். பழகியபின் தினமும் குளம்பைத் தூக்கி, குதியிலிருந்து நுனி நோக்கி அழுக்கைச் சுரண்டுங்கள். கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும்.

டெட்டனஸ் ஊசி போட்டதா என்று விற்றவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். ஆணி குத்தினாலே குதிரைக்கு ஆபத்து. குடற்புழு மருந்தைச் சாணத்தைப் பரிசோதித்துப் பார்த்தே கொடுங்கள்.

தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் பென்சில் கனத்தில் ஒரு ரத்த நாளம் உருளும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இருக்கும். இப்போதே எண்ணிப் பழகுங்கள். தரையைக் காலால் பறித்து, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, சாணம் போடாமல் புரண்டால் அது வயிற்றுவலி, தீவனத்தை எடுத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.