சிமுலேட்டரில் சரியாக வரும் குவாண்டம் சர்க்யூட் நிஜ மெஷினில் ஏன் குப்பையாக வருகிறது?

மூன்று க்யூபிட்டில் (குவாண்டம் கணினியின் பிட்) க்ரோவர் என்ற தேடல் அல்காரிதத்தை ஓட்டியிருப்பீர்கள், அப்படித்தானே? சிமுலேட்டரில் ஒரே ஒரு விடை உயர்ந்து நிற்கும். மெஷினில் வரக்கூடிய எட்டு விடைகளும் ஏறக்குறைய ஒரே உயரம்.

எங்கள் லேபில் ஒரு தம்பி இதே புலம்பலோடு வந்தான். அப்போது கையில் இருந்தது ஐபிஎம்மின் 127 க்யூபிட் ஈகிள் சிப். "நீ எழுதினதை விடு, மெஷினுக்குப் போனதைக் காட்டு" என்றேன். திறந்தால், ஸ்க்ரோல் பண்ணி மாளவில்லை.

அவன் ஒரே பெட்டியாக வரைந்த டோஃபோலி என்ற மூன்று-க்யூபிட் கேட் மெஷினுக்குத் தெரியாது. அதை இரண்டு-க்யூபிட் கேட்களாக உடைக்க வேண்டும். பாடப்புத்தகக் கணக்கில் 6 சிநாட் (அடிப்படையான இரண்டு-க்யூபிட் கேட்). ஆனால் அதற்கு மூன்று க்யூபிட்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஈகிளின் ஹெவி-ஹெக்ஸ் என்ற அறுகோண வலை அமைப்பில் முக்கோணமே கிடையாது. அதனால் இரண்டு க்யூபிட்டை இடம் மாற்றும் ஸ்வாப் கேட் நடுவில் நுழையும். ஒரு ஸ்வாப் 3 சிநாட். சாமர்த்தியமாக உடைத்தாலும் டோஃபோலிக்கு 8 ஆகும். க்ரோவர் இரண்டு சுற்றுக்கு அப்படி நான்கு வேண்டும். 24 என்று நினைத்தது சுலபமாக முப்பதைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பிழை சேர்க்கும்.

போதாததற்கு, சர்க்யூட்டை மெஷினுக்கு ஏற்ப மாற்றித் தரும் கிஸ்கிட் மென்பொருளில் அவன் வைத்திருந்தது ஆப்டிமைசேஷன் லெவல் 0. அதில் கிஸ்கிட் உங்கள் 0, 1, 2-ஐ மெஷினின் 0, 1, 2 மேலேயே உட்கார வைக்கும். அந்த க்யூபிட் அன்றைக்கு என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்காது. லெவல் 3-க்கு மாற்றி, சீட் எண்ணை (ரேண்டம் தேர்வின் தொடக்க எண்) மாற்றி மாற்றி ட்ரான்ஸ்பைல் செய்து, அதாவது மெஷினுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, இரண்டு-க்யூபிட் கேட் குறைவாக வந்ததை எடுத்தோம். (எந்த க்யூபிட் எங்கே, ஸ்வாப் எங்கே என்று உள்ளே முடிவு செய்யும் சேபர் முறை ரேண்டமாகத் தொடங்குவது. சீட் மாறினால் சர்க்யூட்டே மாறும்.) ஆர்-இசட் என்ற ஒற்றை-க்யூபிட் கேட்களை எண்ணாதீர்கள், அவை மென்பொருளில் செய்யும் கட்ட மாற்றம், நேரமே பிடிக்காது. கடைசியில் சரியான விடை தலை தூக்கியது. சிமுலேட்டர் அளவுக்கு இல்லை, ஆனால் எது விடை என்று தெரிந்தது.

"அயனிகளையே க்யூபிட்டாக வைக்கும் அயனிப் பொறி மெஷினில் ஸ்வாப்பே வேண்டாமே" என்று யாராவது வருவீர்கள். தெரியும் சார். அங்கே எந்த க்யூபிட்டும் எதோடும் பேசலாம், ஆனால் கேட் மெதுவாக ஓடும். கேள்வி அதைப் பற்றியதில்லை.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, "இப்படி சர்க்யூட்டை மெஷினுக்கு மாற்றும் கம்பைலர் வேலையெல்லாம் பிசிக்ஸ் ஆகுமா?" என்று ரிவ்யூ கமிட்டியில் ஒருவர் கேட்டார். சரி, ஆகாது. மாதக்கணக்கில் வராத ஸ்டைபெண்ட் எந்தத் துறையில் வரும் என்றாவது அவர் சொல்லியிருக்கலாம்.